அடைப்புக்குறிக்குள் எழுதியவை

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், இரும்புக் கடைக்கு மேலே மாடியில் குடியிருக்கிறேன். ஒரு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட மொட்டைமாடி. கீழே கடை வைத்திருக்கும் பாய்தான் வீட்டுக்காரர். ஒன்பது வருடமாக இந்த அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசியதைத் தட்டச்சு செய்வதுதான் என் வேலை.

சென்னையில் ஒருவர் இணையத்தில் உரையாடல் நிகழ்ச்சி நடத்துகிறார். வாரத்துக்கு ஒரு அறிஞரைக் கூப்பிட்டுப் பேசுவார். பொருளாதாரம், அரசின் திட்டங்கள், தத்துவம், சந்தை என்று பேச்சு எங்கெங்கோ போய்வரும். அந்த ஒலிக்கோப்பு எனக்கு வரும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுத்தாக்குவேன். ஒன்றரை மணி நேரப் பேச்சுக்கு எனக்கு மூன்று நாள் பிடிக்கும். காதால் கேட்க முடியாதவர்களும் படிக்கட்டும் என்று அந்த எழுத்தையும் கூடவே வெளியிடுவார்கள். என் பெயர் அதில் வராது. வர வேண்டும் என்று நானும் கேட்டதில்லை.

மூன்று நாள் ஒரே குரலைக் கேட்டால் அந்த மனிதரைத் தெரிந்துவிடும். பதில் தெரியாதபோது மட்டும் "நல்ல கேள்வி" என்று தொடங்குபவர், கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவுபவர், எதிராளி பேசும்போது பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பவர் என்று எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. நிகழ்ச்சி நடத்துபவரோடுகூட நான் பேசியதில்லை. "கோப்பு அனுப்பியுள்ளேன்" என்று அவர் எழுதுவார். "கிடைத்தது" என்று நான் எழுதுவேன். அவ்வளவுதான்.

நானும் பொருளாதாரம் படித்தவள்தான். கல்வராயன் மலையில் குச்சிக்கிழங்கு எப்படி விற்பனையாகிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தேன். மரவள்ளிக்கிழங்கை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இரண்டு வருடம் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் வினாத்தாளோடு அலைந்தேன். பிறகு ஆய்வு நெறியாளர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர், "தலைப்பு ரொம்பச் சின்னதா இருக்குதும்மா, மாவட்ட அளவுல மாத்திக்கிட்டு வா" என்றார். யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள், திரும்பப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. அதற்கு முன்பு பதினோரு மாதம் எனக்கு ஒரு கல்யாண வாழ்க்கை இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள். ஓசூரில் இருக்கும் அண்ணன் பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவான்.

அடைப்புக்குறிக்குள் எழுதும் பழக்கம் இந்த வேலைக்கு வந்த இரண்டாவது வருடம் தொடங்கியது. தத்துவப் பேராசிரியர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். விலை என்பது முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்ளும் மொழி என்றார். வெங்காயம் விளைவித்தவரை உங்களுக்குத் தெரியாது, உங்களை அவருக்குத் தெரியாது, ஆனாலும் அவர் ஊரில் மழை பெய்து பயிர் அழுகிய செய்தி விலையாக உங்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது என்றார். நான் ஒலியை நிறுத்தினேன். அவர் சொன்னதற்குக் கீழே ஒரு அடைப்புக்குறி போட்டு இப்படி எழுதினேன்: [அப்படிப் பார்த்தால் நான் தினமும் எத்தனையோ பேரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த வாரம் முழுக்க யாரோடும் பேசியதாக எனக்கு நினைவில்லையே, ஐயா.]

எழுதிவிட்டுத் திரையைப் பார்த்தேன். அவர் ஒன்று சொல்கிறார், அதற்குக் கீழே நான் ஒன்று சொல்கிறேன். நிகழ்ச்சிக்காரரையும் சேர்த்து மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் அறை மாதிரி இருந்தது. அனுப்பும்போது அழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோப்பிலும் எழுதினேன். மறுத்தேன், கேள்வி கேட்டேன், சில இடங்களில் சும்மா சிரித்தேன். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவேன் என்பது எனக்கே தெரியாது. ஒருநாள் படியிறங்கும்போது பாய் கேட்டார்.

"மேல யாருங்கம்மா வந்துக்கிறாங்க? காத்தால இருந்து பேச்சு சத்தம் கேட்டுக்கினே இருக்குது. விருந்தாளிங்கன்னா தண்ணி ஜாஸ்தி வேணுமே, மோட்டார் போடட்டா?"

"யாரும் இல்ல பாய். போன்ல பேசிக்கினு இருந்தேன்."

"அப்டிங்களா? பேசுங்க, பேசுங்க. நல்லதுதானே" என்றார். அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்தேன்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு கோப்பு வந்தது. பேசியவர் சென்னையில் இருக்கும் ஒரு பொருளாதாரப் பேராசிரியை. அறுபது வயதிருக்கலாம் என்று குரல் சொன்னது. எதையும் அவசரப்படாமல் சொல்பவர். இடையில் கடலை மாதிரி எதையோ மென்றுகொண்டிருந்தார். முதல் பாதியில் பெண்களுக்கான இலவசப் பேருந்து பற்றிப் பேச்சு வந்தது. வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், இவர்களுக்கு மிச்சமாவதையெல்லாம் எப்படிக் கணக்கிடுவது என்று அழகாக விளக்கினார். "ஒரு வேலையும் இல்லாம சும்மா போயிட்டு வர்றவங்க?" என்று நிகழ்ச்சிக்காரர் கேட்டார். "அது கசிவு. எந்தக் குழாய்லயும் கொஞ்சம் கசியத்தான் செய்யும்" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் எழுதினேன்: [ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நைனார்பாளையம் டவுன் பஸ்ஸில் ஏறுகிறேன். அங்கே எனக்கு யாரும் இல்லை. இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். பக்கத்து சீட்டில் யாராவது வந்து உட்காருவார்கள். 'இந்தப் பையைக் கொஞ்சம் புடிச்சிக்க' என்பார்கள். அதற்காகத்தான் போகிறேன். நான் கசிவா, மேடம்?]

இரண்டாம் பாதியில் மலைப்பகுதிச் சந்தைகள் வந்தன. மலையில் கிழங்கு விளைவிப்பவர்கள் கிடைத்த விலைக்குத் தரகரிடமே கொடுத்துவிடுகிறார்கள், காரணம் வெளியில் என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரியாது, அந்தத் தகவலைக் கையில் கொடுத்தால் சந்தை தானாகச் சரியாகும் என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. என் இரண்டு வருடத்தை அவர் இரண்டு நிமிடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டார். [அவர்களுக்கு விலை தெரியும். எனக்கும் உங்களுக்கும் தெரிவதைவிட நன்றாகத் தெரியும். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளில் கருத்துப்போகும். அதற்குள் லாரி வர வேண்டும். லாரி தரகரிடம்தான் இருக்கிறது. விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? நீங்கள் மலை ஏறியிருக்கிறீர்களா?] இப்படி ஏழெட்டு இடங்களில் எழுதித் தள்ளினேன்.

முடித்த அன்று பராமரிப்புக்காக மதியம் மின்தடை என்று அறிவித்திருந்தார்கள். லேப்டாப்பில் பேட்டரி நிற்காது. அவசரத்தில் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். மறுநாள் காலையில்தான் பார்த்தேன். அடைப்புக்குறிகளை அழித்த கோப்பு என்னிடமே இருந்தது. அழிக்காததை அனுப்பியிருந்தேன்.

அன்று நான் எதையும் சமைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு நாலு தடவை எழுதி நாலையும் அனுப்பாமல் வைத்திருந்தேன். பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"வணக்கம்ங்க. நான்தான் பேசறேன்" என்றது ஒன்பது வருடமாகத் தினமும் கேட்ட குரல். பிறகு என் பெயரைச் சொன்னது. அந்தக் குரல் என் பெயரைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"சார், தெரியாம அனுப்பிட்டேன். மன்னிச்சிடுங்க. வேற கோப்பு இப்பவே அனுப்பறேன்."

"அது இருக்கட்டும். இந்த மாதிரி முன்னாடியும் எழுதியிருக்கீங்களா?"

"எழுதுவேன் சார். அழிச்சிட்டு அனுப்புவேன்."

"எல்லாத்துலயுமா?"

"ஆமா சார்."

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். "சரிபார்க்கறதுக்காக வழக்கமா விருந்தினருக்கு அனுப்பி வைப்பேன். நேத்து நான் படிச்சுப் பாக்காம அப்படியே அனுப்பிட்டேன். மேடம் படிச்சிட்டாங்க. உங்க நம்பர் கேட்டாங்க. குடுக்கலாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "குடுங்க சார்" என்று வந்தது.

மேடம் அன்று சாயங்காலமே கூப்பிட்டார். திட்டுவார் என்று நின்றுகொண்டே போனை எடுத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் மலை ஏறியிருக்கேனான்னு கேட்டிருந்தீங்க. இந்த மலை ஏறல. கூட்டிட்டுப் போவீங்களா?"

கார்த்திகையில் வந்தார். வாடகைக் காரில் முதல் நாளே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் விடுதியில் தங்கினார். காலையில் என் தெருமுனைக்கு வந்து ஏற்றிக்கொண்டார். குரலை வைத்து நான் உயரமான ஒருவரை நினைத்திருந்தேன். அவர் குள்ளமாக, கால் கொஞ்சம் வீங்கி, மடியில் நிஜமாகவே வறுகடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். பத்து நாளாக அவரிடம் சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. கச்சிராயபாளையம் தாண்டும்வரை, "அது மில்லு மேடம்", "அது பள்ளிக்கூடம் மேடம்" என்று ஜன்னலுக்கு வெளியே காட்டிக்கொண்டு வந்தேன். அவரும் "ஓ, சரி சரி" என்றார். கடலையை நீட்டினார். எடுத்துக்கொண்டேன்.

மலை ஏறியதும் பனி. வெள்ளிமலை தாண்டி உள்ளே ஒரு ஊர். ஆய்வுக்காகப் போன காலத்தில் ஒரு அக்கா வீட்டில் அடிக்கடி தங்குவேன். சொந்தமாகக் கொஞ்சம் காடு, அதில் பாதிக்கு மேல் கிழங்கு. பன்னிரண்டு வருடம் கழித்து அந்த வாசலில் போய் நின்றேன். அக்கா முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"யாரும்மா?"

"நான்தான்க்கா. கெழங்கு பத்தி கேட்டு எழுதிக்கினு போவேனே."

"எத்தினியோ பேரு வந்தாங்க. காலேஜிக்காரங்க, பேங்குக்காரங்க, டிரஸ்டுக்காரங்க. எல்லாருந்தான் எழுதிக்கினு போனாங்க. நீ யாருன்னு நான் இன்னா கண்டேன்?"

மேடம் பக்கத்தில் நிற்கிறார். நான் சிரித்துச் சமாளித்தேன். ஊரில் பேச ஆளில்லாத ராத்திரிகளில் இந்த வீட்டைத்தான் நினைத்துக்கொள்வேன். எனக்கும் போக ஒரு வீடு உண்டு என்று வைத்திருந்தேன்.

மேடம் உட்கார்ந்தார். பேச்சை ஆரம்பித்தார். எதிரே இருப்பவரை அவர் பேசவிடும் விதத்தை நேரில் பார்த்தேன். கேள்வி கேட்டுவிட்டு முழுதாக நிறுத்திவிடுவார். தலையைக்கூட ஆட்ட மாட்டார். அக்காவின் மலைப்பேச்சில் அவருக்குச் சில சொல் பிடிபடவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொன்னேன்.

"வெளியில என்ன விலை போகுதுன்னு எப்படித் தெரிஞ்சிக்குவீங்க?"

அக்கா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து போனை எடுத்தார். "ஏழு மணிக்கெல்லாம் வந்துடும். ஆத்தூரு, சின்னசேலம், எல்லா ஜவ்வரிசி பேக்டரியும் போட்டுடுவாங்க. பாயிண்ட்டுக்கு இவ்ளோன்னு" என்று திரையை நீட்டினார். கிழங்கில் மாவு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அந்த அளவுக்கு ஏற்ப விலை போடுவார்கள். அதைத்தான் பாயிண்ட் என்பது. மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எழுதினது சரி" என்றார்.

நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"அப்போ ஜாஸ்தி குடுக்கற இடத்துக்கே குடுக்கலாமே?" என்று அவர் கேட்டார். அக்கா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "லாரி கெடைக்காது மேடம். அதான் நான் எழுதி..."

"அதெல்லாம் அப்போ" என்றார் அக்கா. "இப்போதான் ரோடு போட்டாச்சே. போன் பண்ணா நாலு லாரி வந்து நிக்கும்."

"அப்புறம் ஏன் அதே ஆளுக்குக் குடுக்கறீங்க?"

அக்கா முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த சாமையைக் கையால் தள்ளிக்கொண்டே சொன்னார். அவர் மகளுக்குத் தலைப்பிரசவம். ஒரே மழை. மரம் விழுந்து ஆம்புலன்ஸ் கீழேயே நின்றுவிட்டது. அக்காவின் வீட்டுக்காரர் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். அந்தத் தரகர் அன்று காட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். பாதி லோடை அப்படியே இறக்கிப் போட்டுவிட்டு, மகளை லாரியில் முன்னால் உட்காரவைத்து, சுற்றுப்பாதையில் கள்ளக்குறிச்சி கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"ஏத்திக்கினு போனதுகூடப் பெரிசில்ல. போயி, புள்ள பொறக்குற வரைக்கும் ஆஸ்பத்திரி வாசல்லயே குந்திக்கினு இருந்தான். எறக்குன கெழங்கு பூரா கருத்துப்போச்சி. ஒரு வார்த்த சொல்லல. கம்மியாத்தான் குடுக்குறான், தெரியாம இல்ல. அவன உட்டுட்டு இன்னொருத்தனுக்குப் போட்டா, நாளைக்கி ஒண்ணுன்னா எங்கூட்டுக்கு யாரு வருவா?"

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார். நான் அந்தக் கடைசிக் கேள்வியை மாற்றிச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அவருக்குப் புரிந்திருந்தது.

சாப்பாடு போட்டார்கள். கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தார். "ஏ, காச்சல்ல மூணு நாளு எங்கூட்டுல படுத்துக்கினு கெடந்தது நீதானே? கஞ்சி குடுத்தா வேணாம், பன்னுதான் வேணும்னு அழுதியே?"

நான் பன் கேட்டு அழுதது எனக்கே மறந்துபோயிருந்தது. "ஆமாங்க்கா" என்றேன். "பன்னுக்காரின்னு சொல்லியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே" என்று சிரித்தார்.

இறங்கும் வழியில் மேடம் உற்சாகமாக இருந்தார். "நாம ரெண்டு பேருமே தப்பு, பாத்தீங்களா?" என்றார். "இது காப்பீடுங்க. விலையில குறையுதே, அதுதான் பிரீமியம். அரசாங்கம் குடுக்காத ஆம்புலன்ஸை அவன் குடுக்கறான். அதுக்கு இவங்க வருஷா வருஷம் கட்டறாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நான் கையிலிருந்த கடலையின் தோலை உரித்தேன்.

"சொல்லுங்க. அடைப்புக்குறிக்குள்ள என்ன எழுதியிருப்பீங்க?"

என்னால் முடியவில்லை. அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன்! அப்போதெல்லாம் நான் சொன்னதோடு பேச்சு முடிந்துவிடும். யாரும் திருப்பிச் சொல்ல மாட்டார்கள். இங்கே ஒரு மனுஷி என் பதிலுக்காகக் கடலையை மெல்லாமல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்று வளைவு தாண்டிய பிறகு சொன்னேன்.

"பிரீமியம் கட்டறவங்களுக்குக் கம்பெனிக்காரன் முகம் தெரியாது மேடம். அந்தக்கா முகத்தப் பாத்துக் குடுக்கறாங்க."

"முகம் தெரிஞ்சா அது காப்பீடு இல்லையா? அந்த முகத்தைக் காட்டியே அவன் விலையை அமுக்கறான்னும் சொல்லலாமே?"

அதுவும் சரிதான். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியவில்லை என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கும் தெரியலைங்க. வகுப்புல ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை" என்றார்.

அடிவாரம் வந்த பிறகு, வெளியே பார்த்தபடியே, "கசிவுன்னு சொன்னது சிரிக்கறதுக்காகச் சொன்னது" என்றார். "படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஊர்ல பேசறதுக்கு உங்களுக்கு யாரும் இல்லையா?"

"இருக்காங்க மேடம்" என்றேன். "நெறையப் பேரு இருக்காங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ, அதற்கு நான் பயந்தேன் போலிருக்கிறது. தெருமுனையில் இறக்கிவிட்டார். மேலே வந்து டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கலாம். ஒற்றை நாற்காலிதான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. கூப்பிடவில்லை.

நிகழ்ச்சிக்காரர் எங்கள் இருவரையும் வைத்து ஒரு உரையாடல் பதிவு செய்தார். மார்கழியில் ஒரு காலை, அவர்கள் சென்னையில், நான் போனில். கீழே பாய் கடையில் கம்பி அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய், "அர மணி நேரம் நிறுத்த முடியுமா பாய்? ரேடியோ மாதிரி ஒண்ணுல பேசணும்" என்றேன். அவர் மெஷினை நிறுத்தியதோடு கடைக்கு வந்தவர்களையும் மெதுவாகப் பேசச் சொல்லியிருக்கிறார். கால் மணி நேரம் பேசியிருப்பேன். வெளியானபோது அதில் பாதி இருந்தது. திக்கின இடங்களை வெட்டியிருந்தார்கள். நான் அவ்வளவு திக்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பாய் கேட்டுவிட்டு, "நல்லா கீதும்மா. ஆனா கொரல் ஒங்க கொரல் மாதிரியே இல்ல" என்றார்.

அந்த உரையாடலை எழுத்தாக்கும் வேலை எனக்கு வரவில்லை. நிகழ்ச்சிக்காரர் மறுபடியும் போன் பண்ணினார். இந்த முறை தயங்கித் தயங்கிப் பேசினார். இப்போது மென்பொருளே தமிழைத் தட்டச்சு செய்துவிடுகிறது, அரை மணியில் முடிந்துவிடுகிறது, ஆனால் தப்புகள் வருகின்றன, அவற்றை மட்டும் நீங்கள் திருத்திக் கொடுத்தால் போதும் என்றார். "நீங்க எப்பவும் எங்களோட இருக்கணும்" என்றும் சொன்னார். நல்ல மனிதர். நான் சரி என்றேன்.

எங்கெங்கே சந்தேகமோ அங்கங்கே மென்பொருள் மஞ்சள் பூசி அனுப்பும். நான் அந்த இடத்தை மட்டும் ஓடவிட்டுக் கேட்பேன். குச்சிக்கிழங்கை அது "கட்சிக் கிழங்கு" என்று எழுதியிருந்தது. அதற்குச் சிரித்தேன். மூன்று நாள் வேலை ஒரு காலையில் முடிகிறது. முன்பெல்லாம் ஒருவர் ஒரு எண்ணத்தைத் தொடங்கி, தடுமாறி, எங்கோ சுற்றி, கடைசியில் தானே எதிர்பாராத இடத்தில் போய் நிற்பதைக் கூடவே போய்ப் பார்ப்பேன். இப்போது நடுவில் உடைந்த நாலு வார்த்தை மட்டும் காதில் விழுகிறது. யார் பேசுகிறார்கள் என்றுகூடச் சில நாள் கவனிப்பதில்லை. அடைப்புக்குறி போட இடமே இல்லை.

மேடம் முதலில் வாரம் ஒருமுறை பேசினார். கட்டுரை எழுதுவதற்காகச் சில விவரங்கள் கேட்டார். கட்டுரை வந்ததும் அனுப்பிவைத்தார். என் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார். அதைப் பலமுறை படித்தேன். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது, அப்புறம் நின்றது. அவர் மேல் ஒரு குறையும் இல்லை. அவருக்குப் பேரப்பிள்ளைகள், வகுப்புகள், அடுத்த ஆய்வு. நான் கூப்பிட்டிருக்கலாம். போனைக் கையில் எடுத்தால், என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது என்று தோன்றும். வைத்துவிடுவேன்.

தை பிறந்து சில நாள் கழித்து நான் மட்டும் மலைக்குப் போனேன். அக்கா வாசலில் இருந்தார்.

"வாம்மா பன்னுக்காரி. அந்தம்மா எங்க?"

"அவங்க வரலக்கா. நான் மட்டுந்தான்."

"இன்னா கேக்கணும், கேளு. ரேஷன் கடைக்கிப் போணும்."

"ஒண்ணும் கேக்க வரலக்கா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணும் கேக்காதயா இம்மாந்தூரம் வந்த?"

"ஆமாங்க்கா."

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரேஷன் கடைக்குக் கூடவே போனேன். வரிசையில் நின்றேன். திரும்பும்போது அரிசிப் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டேன். வழியில் அவர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தார். பெரும்பாலும் எனக்குத் தெரியாத ஆட்களைப் பற்றி. பஸ் ஏறும்போது, "மாசியில கெழங்கு புடுங்கறோம். ஆளு கம்மி. வர்றதுன்னா வா" என்றார். அது அழைப்பா, பேச்சுக்குச் சொன்னதா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

மாசியில் போனேன். இரண்டு நாள் இருந்தேன். கிழங்கைப் பற்றி நூறு பக்கத்துக்கு மேல் எழுதியவள் ஒரு செடியைக்கூட ஒழுங்காகப் பிடுங்கியதில்லை. தண்டைப் பிடித்து ஒரே வாகாக இழுக்க வேண்டும். நான் இழுத்தால் பாதிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே முறிந்து நின்றது. ஒடிந்த கிழங்கு சீக்கிரம் கருக்கும் என்று அக்கா பிடுங்கிப் போடும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டு, கூடையில் அள்ளும் வேலைக்குப் போட்டார். மற்ற பெண்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான். வேகமாகப் பேசினால் அவர்கள் பேச்சு எனக்கு முழுதும் பிடிபடாது. மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டபோது எனக்கும் இடம் விட்டார்கள். ஒரு மணி நேரம் நான் வாய் திறக்கவில்லை. யாரும் என்னைப் பேசச் சொல்லவும் இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் தரகர் லாரியோடு வந்தார். நான் மனதில் வைத்திருந்த ஆளே இல்லை. ஒல்லியாக, கழுத்தில் துண்டோடு, இருமிக்கொண்டே இறங்கினார். என்னைப் பார்த்து, "இவங்க யாரு?" என்று அக்காவைக் கேட்டார்.

"தெரிஞ்ச பொண்ணு" என்றார் அக்கா, கூடையைத் தூக்கிக்கொண்டே.

அந்த லாரியிலேயே முன்னால் உட்கார்ந்து கீழே வந்தேன். அவரிடம் கேட்க என்னிடம் எத்தனையோ கேள்விகள் இருந்தன. அந்த மழை நாளில் ஆஸ்பத்திரி வாசலில் ஏன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்க நினைத்தேன். அவர் வழி முழுக்க யாரோடோ போனில் லோடு பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார். நடுவில் ஒருமுறை மட்டும் திரும்பி, "ஜன்னல் ஓரம் காத்து ஜாஸ்தி அடிக்குதா? கண்ணாடிய ஏத்திக்கிங்க" என்றார். ஏற்றிக்கொண்டேன்.

காலையில் எழுந்தபோது விரல்களை மடக்க முடியவில்லை. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். சென்னையிலிருந்து கோப்பு வந்திருந்தது. திறந்து பார்த்தேன். இருபதுக்குக் குறையாத இடங்களில் மஞ்சள். தண்ணீர் குடித்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, முதல் மஞ்சளிலிருந்து ஒரு விரலால் தட்டத் தொடங்கினேன்.